கண்ணால் கேட்கிறவர்கள்

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிற தெருவுக்குள் போகிறவர்கள் காதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனாலும் பாதகமில்லை. கண் மட்டும் கட்டாயம் வேண்டும். ஒரு கூடத்தில் இருக்கிற தறியெல்லாம் சேர்ந்து அடிக்கிற அடியில், பக்கத்தில் நிற்கிறவர் ஐயோ குய்யோ என்று அலறினாலும் கேட்காது. அதற்காகத் தறிக்காரிகள் பேசாமல் இருந்துவிடுவார்களா? நல்ல கதை! வாயைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார்கள். இந்தக் கோடியில் ஒருத்தி உதட்டை அசைத்தால் அந்தக் கோடியில் ஒருத்தி சிரிப்பாள். மாமியார் செய்த கொடுமை, மகள் எடுத்த மார்க், நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பு, எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் கூடத்தைக் குறுக்கே கடந்து போகும். வெளியூர் வியாபாரி நடுவில் நின்று சேலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார். அவருடைய தொப்பையைப் பற்றித்தான் சிரிப்பு என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

பொன்செல்வி முதன்முதலாக அந்தக் கூடத்துக்குள் தார்க்கட்டைக் கூடையோடு நுழைந்தபோது, எதிர்த் தறியில் நின்ற பேச்சித்தாய் அவளைப் பார்த்து உதட்டை அசைத்தாள். “சாப்பிட்டியாட்டி?” என்றுதான் கேட்டாள். பொன்செல்வி கூடையைப் போட்டுவிட்டுச் சுவரோரம் அப்படியே குந்திவிட்டாள். நூல் சுற்றிய கட்டைகள் தரையெல்லாம் உருண்டு ஓடின. பாவம், கிராமத்துப் பிள்ளை, சத்தத்துக்குப் பயந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அவள் பயந்தது சத்தத்துக்கு இல்லை. சத்தம் இல்லாமல் அசைந்த உதட்டுக்கு.

அவளுடைய புருஷன் இசக்கித்துரைக்கு இளையரசனேந்தல் பக்கம் ஊர். சொந்தமாக லோடு ஆட்டோ வைத்திருந்தான். ஊருக்குள் கேட்டால் அவனைப் போல் தங்கமான பிள்ளை கிடையாது என்பார்கள். கோயில் கொடைக்கு முதல் ஆளாக வந்து பந்தல்கால் நடுவான். பெரியவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்கி நின்று பேசுவான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால்தான் இடுப்பு பெல்ட் கைக்கு வரும். எங்கே அடித்தால் சேலை மறைக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பொன்செல்வி பனவடலிசத்திரத்தில் இருந்த தாய்வீட்டுக்கு ஓடிப் பார்த்தாள். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவனை யாராவது நாலு சாத்து சாத்திவிட்டு அணைத்துப் பார்த்திருக்க வேண்டும். மறுபடியும் ஓடினாள். இந்தத் தடவை ஊர்ப் பெரியவர் மகாராஜன் நடுவில் உட்கார்ந்து கூட்டம் போட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. “ஒனக்கு என்ன குறை தாயி? பயப்படாம வாயத் திறந்து சொல்லு” என்று கேட்கவும் செய்தார்.

வாயைத் திறந்தாள். எதிரே தலையைக் குனிந்து, கைகட்டி, பாவம்போல உட்கார்ந்திருந்த இசக்கித்துரை மெல்ல நிமிர்ந்து அவளை மட்டும் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. சத்தமே இல்லை. இரண்டே சொல்.

‘பூங்கனி. கிணறு.’

பூங்கனி அவர்களுடைய ஒரே மகள். கிணறு அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. ஒருநாள் அவன் பிள்ளையைத் தூக்கி அந்தக் கிணற்றுக்கு மேலே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, “இவ என்ன கனமாவா இருக்கா?” என்று பொன்செல்வியைப் பார்த்துச் சிரித்தான். பிள்ளையின் கால் இரண்டும் காற்றில் உதறின. அதற்குப் பிறகு அவன் அவளை மிரட்ட வாயைத் திறந்து பேச வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த இரண்டு சொல்லுக்கு உதட்டை அசைத்தால் போதும், அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கும் ஒட்டிக்கொண்டது. “அவளே ஒரு குறையும் சொல்லலையேப்பா” என்று கூட்டம் கலைந்தது. திரும்பி வருகிற வழியில் அண்ணனிடம் அழுது சொன்னாள். “மாப்ள வாயே திறக்கலையேட்டி, நான் எதுத்தாப்புலதான நின்னேன்? ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா?” என்று அவன் கேட்டான். அன்றோடு அதை யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டாள். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பது ஒன்று. அந்த இரண்டு சொல்லையும் தன் வாயால் சேர்த்துச் சொன்னாலே நடந்துவிடுமோ என்ற பயம் இன்னொன்று.

அடுத்த தடவை அவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளையைச் சீருடையோடு அழைத்துக்கொண்டு பஸ் ஏறி, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எங்கே போவது என்று தெரியவில்லை.

இந்த ஊரில் ‘பேச்சித்தாய் செட்டு’ என்று ஒன்று உண்டு. போர்டு கிடையாது, பேனர் கிடையாது. தறிக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண்கள். தாங்களே அடிபட்டவர்கள், அல்லது அடிபட்ட அக்கா தங்கச்சியைப் பறிகொடுத்தவர்கள். அவர்களில் யார் பஸ் ஸ்டாண்டு வழியாகப் போனாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஊருக்குப் போகிறவள் பஸ் வந்தால் எழுந்திருப்பாள். போக ஊர் இல்லாதவள் பஸ் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். கையில் பிள்ளையும் பையும் இருந்து, வருகிற பஸ்ஸையெல்லாம் ஒருத்தி விட்டுக்கொண்டிருந்தால், செட்டு ஆள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

அன்று அப்படி உட்கார்ந்தவள் சாஜிதா பானு. கடையநல்லூரில் கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கே பட்டதெல்லாம் பட்டு, இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தவள். பொன்செல்வியிடம் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளை கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தாள்.

“எம்மா, பிள்ளைக்குப் பசிக்கும்லா. வீடு பக்கத்துலதான். சோறு தின்னுட்டு அப்புறம் அழுவலாம், வாறியா?”

பொன்செல்வி எழுந்தாள். வாழ்க்கையில் அவள் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அது ஒன்று.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மடமடவென்று நடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காயத்தைப் பதிவு செய்தார்கள். அரசாங்க உதவி எண்ணுக்குப் போன் போட்டார்கள். பெண்கள் பாதுகாப்பு அலுவலர் ராஜகுமாரி மேடத்திடம் அழைத்துப்போனார்கள். மகளிர் போலீஸ் நிலையத்தில் தகவல் சொன்னார்கள். தறிக்கூடத்து மாடியில் ஒரு அறை, தார்க்கட்டையில் நூல் சுற்றுகிற வேலை, பிள்ளைக்கு நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் இடம். எந்த ஆபீசுக்குப் போனாலும் செட்டில் நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கூடப் போவார்கள். போய்ப் பேச மாட்டார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். “பின்னால ஆளில்லாம முதுகு காயக் கூடாதுல்லா” என்பாள் பேச்சித்தாய்.

சாயங்காலம் இந்த மாதிரி வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளெல்லாம் சாஜிதா வீட்டு முன்னறையில் கூடும். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: ‘சத்தம் போடாதே’ என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. சத்தம் போடாதே, அப்பா வந்துருவாரு என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பூங்கனி முதலில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து எழுதினாள். பிறகு மேஜைக்கு மேலே வந்தாள். அதற்குப் பிறகு அவள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திச் சொல்கிற கத்தலில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. சாஜிதாவுக்கு அன்றைக்கெல்லாம் வாயெல்லாம் பல்.

பொன்செல்விக்கும் உதட்டுப் பேச்சு வந்தது. முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். உதடு அசைந்தால் கிணறுதான் வருமென்று உடம்புக்குப் பழகியிருந்தது. ஆனால் பேச்சித்தாயின் உதட்டிலிருந்து தினமும் வந்ததென்னவோ ‘சாப்பிட்டியா’, ‘தலைவலி எப்படி இருக்கு’, ‘அந்தா வாரான் பாரு தொப்பை’ இவைதாம். உதடு நல்ல சொல்லும் சொல்லும் என்று அவள் கொஞ்சம் கொஞ்சமாக நம்பினாள். கொஞ்ச நாளில், தறிச் சத்தத்துக்குள் நின்று வாய்விட்டுக் கத்திப் பாடக்கூடத் தொடங்கினாள். யாருக்கும் கேட்காது என்ற தைரியம். கூடம் நின்று அமைதியானால் மட்டும் பழையபடி பூனையாகிவிடுவாள்.

மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் இசக்கித்துரை பிள்ளையைக் கேட்டு வந்து நின்றான். தகப்பன் நான், பிள்ளையை என்னோடு அனுப்ப வேண்டும், பொஞ்சாதி வந்தாலும் சந்தோஷம் என்று மனு. ராஜகுமாரி மேடம் இரண்டு பக்கத்தையும் வரச் சொன்னார். அங்கே பொன்செல்வி என்ன சொல்கிறாளோ அதை எழுதித்தான் அவர் கோர்ட்டுக்கு அனுப்புவார்.

“நீ சொல்லணும்ட்டி. நாங்க சொல்லி எடுபடாது” என்றாள் பேச்சித்தாய். “நான் அவனோட போகமாட்டேன், பிள்ளையும் போகாது. இவ்வளவுதான? சொல்லு பாப்போம்.”

தறி ஓடும்போது பொன்செல்வி அதைக் கணீரென்று சொன்னாள். தறியை நிறுத்திவிட்டுச் சொல்லச் சொன்னார்கள். காற்றுத்தான் வந்தது.

“அடி இவளே! சத்தத்துல சிங்கம், அமைதில அணில்குஞ்சு” என்று பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்தாளே தவிர, அவளுக்கும் உள்ளுக்குள் கவலைதான். அன்றைக்கு அந்த அறையில் இவள் வாய் திறக்காவிட்டால் என்ன ஆகுமென்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளை லோடு ஆட்டோவில் ஏறிப் போய்விடும்.

குறித்த நாளில் இசக்கித்துரை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறுமாக வந்தான். பூங்கனிக்கென்று ஒரு பொட்டலம் சீனிமிட்டாய் கையில். பக்கத்தில் மகாராஜன். சாஜிதா பிள்ளையை அடுத்த அறையில் வைத்துக்கொண்டாள். நடுவே கண்ணாடி போட்ட கதவு. ராஜகுமாரி மேடம் மேஜைக்குப் பின்னால். அவர் முன்னே ஒரு பக்கம் பொன்செல்வி, எதிர்ப்பக்கம் இசக்கித்துரை. பொன்செல்விக்குப் பின்னால் பெஞ்சில் பேச்சித்தாயும் செட்டுப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆக, அவன் பொன்செல்வியைப் பார்த்தால் அந்த வரிசை முழுவதும் அவன் முகத்தைப் பார்க்கும். அதை அவன் யோசிக்கவில்லை. நாலு கூலிக்காரப் பொம்பளைகள் என்று நினைத்தான்.

“மேடம், நான் கோவக்காரன்தான், இல்லங்கல” என்று தொடங்கி அழுதே விட்டான். “ஆனா என் உசுரே எம் புள்ளதான் மேடம். ராத்திரி அவ இல்லாம சோறு எறங்கல.”

மகாராஜன் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். “நல்ல பய மேடம். நாங்க ஊர்ல வச்சிக் கேட்டப்பவும் இந்தப் பிள்ள ஒரு குறை சொல்லலையே.”

“நீங்க சொல்லுங்கம்மா” என்றார் ராஜகுமாரி மேடம். “உங்க விருப்பம் என்ன?” கேட்டுவிட்டு எழுதுவதற்குக் குனிந்தார்.

பொன்செல்வி வாயைத் திறந்தாள். எதிரே அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கை கீழே இறங்கியது. இசக்கித்துரை நிமிர்ந்தான். உதடு அசைந்தது.

அதே இரண்டு சொல். பொன்செல்வி திறந்த வாயை மூடினாள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

“பூங்கனி! கிணறு!”

பின்னாலிருந்து பேச்சித்தாயின் குரல் இடிபோல விழுந்தது. மேடத்தின் கையிலிருந்த பேனா நழுவி ஓடியது.

“என்னம்மா, என்ன சொல்றீங்க?”

“நான் சொல்லல மேடம். அந்தா உக்காந்திருக்கான்லா உத்தம புத்திரன், அவன் சொன்னான். ‘பூங்கனி, கிணறு’ன்னு சொன்னான்.” பேச்சித்தாய் எழுந்து நின்றுவிட்டாள். “ஏலே, எந்தக் கிணறுலே? என்னலே கிணறு?”

பொன்செல்வி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். ஒருத்தருக்குக் கேட்டிருக்கிறது! உலகத்தில் தன்னைத் தவிர இன்னொருத்தருக்கு அது கேட்டிருக்கிறது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஐயையோ, நான் வாயே திறக்கல மேடம்!” என்று பதறினான் இசக்கித்துரை. “இவளுவ சேந்து கதை கட்டுதாளுவ.”

“ஆமா மேடம்” என்றார் மகாராஜன். “நான் பக்கத்துலயே இருக்கேன். மூச்சுச் சத்தம்கூட கேக்கல.”

“சத்தம் கேட்டுச்சுன்னு யாரு சொன்னா அண்ணாச்சி? நாங்க தறிக்காரிங்க. எங்களுக்குக் காது முக்காவாசி செவிடு. கண்ணாலதான் கேப்போம்.”

பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது. “எனக்கும் கேட்டுச்சு மேடம்.” “எனக்கும்.” “கிணறுன்னுதான் சொன்னான், களவாணிப்பய.”

ராஜகுமாரி மேடம் பேனாவைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு எழுந்து அறையின் கடைசி மூலைக்குப் போய் நின்றுகொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் உதட்டை அசைத்தார்.

பெஞ்சு ஒரே குரலில் ஒப்பித்தது: “இன்னைக்கு தக்காளி சாதத்துக்கு உப்பு போட மறந்துட்டேன்!”

“ஊறுகாய் தொட்டுக்கிடுங்க மேடம், சரியாப் போவும்” என்று கோடியில் இருந்தவள் வைத்தியமும் சொன்னாள்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு இசக்கித்துரை பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை. “என்ன சார், எந்தக் கிணறு?”

அவன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். “பொத்திக்கிட்டான் பாருங்க மேடம். இனி கண்ணும் பேசும்னு நினைச்சு அதையும் பொத்துவான்.” அந்தச் சிரிப்புதான் அவனைக் கவிழ்த்தது. நாலு பொம்பளைகள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைத் தாங்குகிற ஆளா அவன்? துண்டை உதறிக்கொண்டு எழுந்தான்.

“பொஞ்சாதிய ஒரு சொல்லு பயம் காட்டுறது குத்தமா? சும்மா சொல்லுததுதான்! பெத்த பிள்ளைய எவனாவது நெசமாவே கிணத்துல போடுவானா?”

ராஜகுமாரி மேடம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, “இப்பத்தான சார் வாயே திறக்கலைன்னீங்க?” என்றார்.

மகாராஜன் அவனை அண்ணாந்து பார்த்தார். “ஏலே… அன்னைக்கு ஊர்க்கூட்டத்துலயும் இதத்தான் சொன்னியாலே?” அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். “தாயி, என்னைய மன்னிச்சிரு” என்று பொன்செல்வியைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்கெல்லாம் அவளுக்கு இப்போது நேரமில்லை.

“நீங்க சொல்லுங்கம்மா” என்றார் மேடம் மறுபடியும். “அவர் சொன்னதை எழுதிட்டேன். இனி உங்க விருப்பத்தை எழுதணும்.”

பொன்செல்வி முயன்றாள். தொண்டையில் இன்னும் ஒன்றும் வரவில்லை. இசக்கித்துரை எதிரே நின்று முறைத்துக்கொண்டிருந்தான். அவள் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து, தன் நாற்காலியைப் பிடித்துக் கரகரவென்று இழுத்து அப்படியே திருப்பிப் போட்டு, பெஞ்சுப் பெண்களைப் பார்க்க உட்கார்ந்தாள். அவனுக்கு இப்போது அவளுடைய கொண்டைதான் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை.

அவள் உதட்டை அசைத்தாள். பேச்சித்தாய் உரக்கச் சொன்னாள்:

“என்னைய பெல்ட்டால அடிப்பான்.”

பக்கத்திலிருந்தவள் தொடர்ந்தாள்: “வெளிய தெரியாத இடமாப் பாத்து அடிப்பான்.”

“எம்பிள்ளைய…” பேச்சித்தாய் நிறுத்தினாள். ஊரையே வாயால் அடக்குகிறவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோடியிலிருந்தவள் முடித்தாள்: “எம்பிள்ளையக் கிணத்துக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சான்.”

ராஜகுமாரி மேடம் எழுதவில்லை. மெல்லச் சொன்னார்: “எனக்குப் புரியுதும்மா. ஆனா இது உங்க வாக்குமூலம். உங்க குரல்ல வந்தாத்தான் செல்லும். மெதுவா வந்தாலும் போதும்.”

பொன்செல்வி பேச்சித்தாயின் முகத்தையே பார்த்தாள். பேச்சித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், உதட்டால் மட்டும் சொன்னாள்:

‘தறி ஓடுதுட்டி. கத்து.’

சொல்லிவிட்டு உள்ளங்கையால் பெஞ்சைத் தட்டினாள். டடக், டடக். பக்கத்திலிருந்தவள் சேர்ந்துகொண்டாள். டடக், டடக், டடக், டடக். வரிசை முழுவதும் பெஞ்சைத் தட்டியது, காலால் தரையை மிதித்தது. அந்த அறைக்குள் ஒரு தறிக்கூடமே ஓடியது. மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது. மேடம் தடுக்கவில்லை.

“நான் போக மாட்டேன்!”

வந்தேவிட்டது. முதலில் பிசிறடித்தது. அவளுக்கே அது தன் குரல்தானா என்று ஆச்சரியம்.

“நான் அவனோட போக மாட்டேன்! எம்பிள்ளையும் போகாது! அவ என்கூடத்தான் இருப்பா, இந்த ஊர்லதான் படிப்பா! அவன் எங்க பக்கமே வரக்கூடாது!”

பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தட்டுவதை நிறுத்தினார்கள். ஒரு கை நின்றது, இன்னொரு கை நின்றது. கடைசியில் பேச்சித்தாயின் கையும் நின்றது. பொன்செல்வி நிற்கவில்லை. சத்தமெல்லாம் அடங்கிப்போன அந்த அறையில் அவள் குரல் மட்டும் தனியாக, கணீரென்று, இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே கிடந்ததையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டே போனது. கிணற்றைச் சொன்னாள். பெல்ட்டைச் சொன்னாள். ஊர்க்கூட்டத்தைச் சொன்னாள். சொன்னால் நடந்துவிடும் என்று பயந்த சொல்லையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து ஆபீஸ்காரர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்ததுதான் நடந்தது.

முடித்தபோது ராஜகுமாரி மேடம் எழுதிய பக்கத்தைத் திருப்பினார். “எல்லாம் எழுதியாச்சும்மா. ஆனா நான் பக்கத்துலதான இருக்கேன், எதுக்கு இவ்வளவு சத்தம்?”

“தறிக்காரி மேடம்” என்றாள் பேச்சித்தாய் பெருமை தாங்காமல். “எங்களுக்குப் பையப் பேச வராது.”

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பூங்கனி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். சாஜிதா அவளைப் பிடித்து நிறுத்தப் பார்த்துத் தோற்று, கடைசியில் தானும் கைதட்டினாள்.

கோர்ட்டு உத்தரவு வந்தது. பிள்ளை அம்மாவோடு இருக்க வேண்டும்; அவன் வீட்டுப் பக்கமோ பள்ளிக்கூடத்துப் பக்கமோ தலைகாட்டக் கூடாது; மீறினால் ஜெயில். அன்றைக்குத் தறித்தெருவில் எல்லோருக்கும் அல்வா. பேச்சித்தாய் கூடத்தின் நடுவில் நின்று உத்தரவைப் படித்துக் காட்டினாள். தறியை நிறுத்தாமலே, உதட்டாலேயே படித்தாள். மூலை முடுக்கெல்லாம் கேட்டது.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. சுற்றுப்பட்டுக் கிணறெல்லாம் தளும்பியது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறிக்கு லீவு. சாஜிதா வீட்டு முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொன்செல்வி ஒரு பேச்சைப் போட்டாள்.

“பேச்சியக்கா, ஒங்க தம்பி தோட்டத்துல படிக்கட்டு வச்ச கிணறு இருக்குன்னியே. பூங்கனிக்கு நீச்சல் பழக்கணும்.”

எல்லோருடைய கையும் இலையில் நின்றது. சாஜிதாதான் முதலில் வாய் திறந்தாள். “அல்லாவே! கிணத்துலயா? யோசிச்சுத்தான் சொல்லுதியா?”

“யோசிச்சுத்தான் சொல்லுதேன்க்கா. அந்தப் பேரக் கேட்டா இனி நாங்க ரெண்டு பேரும் நடுங்கக் கூடாது.”

செட்டு மொத்தமும் கிளம்பிப் போனது. பேச்சித்தாய் பிள்ளையின் முதுகில் காலி பிளாஸ்டிக் கேனை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். பேச்சித்தாயின் தம்பி பெண்டாட்டி, நீச்சலில் கெட்டிக்காரி, முதலிலேயே தண்ணீரில் இறங்கி நின்றாள். பொன்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். நின்றாள். இன்னும் ஒரு படி இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பச்சைத் தண்ணீர், மேலே வானம் வட்டமாகத் தெரிந்தது.

“பயமா இருக்காம்மா?” என்று கேட்டாள் பூங்கனி.

“இருக்குதான். நீ குதி.”

பூங்கனி மேட்டில் ஏறி நின்றாள். கீழே பார்த்தாள். அவளை யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை. தன் காலில், தானே நின்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். தண்ணீர் சிதறி எல்லோர் முகத்திலும் அடித்தது. ஒரு கணம் கிணற்றில் வட்டம் வட்டமாக அலை மட்டுமே தெரிந்தது. பொன்செல்வி கையை நீட்டிக்கொண்டு இன்னொரு படி இறங்கினாள். கேன் பொதுக்கென்று மேலே வந்தது, அதற்கடியில் பிள்ளையின் தலை வந்தது. எதிர்ச்சுவர் ஓரமாக, முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருக்க, இருமிக்கொண்டே சிரித்தாள். இருமலில் குரல் வரவில்லை. அம்மாவைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்.

‘இன்னொரு தடவ.’

பொன்செல்வி தலையை அண்ணாந்து, வட்ட வானம் அதிரும்படி, தறிக்காரிக் குரலில் கத்தினாள்.

“குதி மக்கா, குதி!”

கிணறு அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது.